வாரண்டி முடிந்த வண்டியில் இன்ஜின் போனால் யாரைப் பிடிப்பது?

கேள்வி: பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி, 6 ஜூலை 2025

அண்ணா, டீசல் வண்டி, 2022 ஏப்ரலில் எடுத்தது. மூன்று வருட வாரண்டி இந்த ஏப்ரலில் முடிந்தது. போன வாரம் விஜயமங்கலம் டோல் தாண்டியதும் ஒரு சத்தம், அப்படியே நின்றுவிட்டது. டோ பண்ணி ஷோரூம் சர்வீஸில் விட்டால் "இன்ஜின் மாத்தணும், மூன்றரை லட்சம் ஆகும், வாரண்டி முடிஞ்சதால எங்க கையில ஒண்ணும் இல்லைங்க" என்கிறார்கள். வாரண்டி முடிந்தால் எல்லாமே முடிந்ததா? கேஸ் போட்டால் ஜெயிக்குமா?

6 ஜூலை 2025, இரவு

கேஸ் கதை அப்புறம் தம்பி. இன்ஜினைப் பிரித்துவிட்டார்களா, அதைச் சொல். பிரிக்கவில்லை என்றால் காலையில் முதல் வேலையாகப் போய் நிறுத்து. இன்ஜின் மாத்தணும் என்று சொல்கிறார்களே, ஏன் போனது என்று சொன்னார்களா? ஆயில் பிரஷர் இல்லாமல் பேரிங் போனதா, டைமிங் செயின் அறுந்ததா, சூடாகி ஹெட் வளைந்ததா? எதுவும் பார்க்காமல் மூன்றரை லட்சத்துக்கு எஸ்டிமேட் போடுவது நாடி பிடிக்காமல் மருந்து எழுதுகிற வேலை.

ஜாப் கார்டில், அதாவது உன் புகாரையும் செய்த வேலையையும் எழுதுகிற தாளில், இரண்டு வரி எழுதச் சொல். பிரிப்பது உன் முன்னிலையில்தான் நடக்க வேண்டும், கழற்றிய பாகங்கள் உனக்கே திரும்ப வேண்டும். பிரித்துப் பார்க்கத் தனியாகக் கூலி கேட்பார்கள், மூக்கால் அழுதுகொண்டாவது கொடுத்துவிடு. வாங்கிய நாளிலிருந்து உள்ள எல்லா ஜாப் கார்டுகளையும் எடுத்து வை, பில் மட்டும் போதாது. பில்லில் பணம்தான் இருக்கும், நீ சொன்ன புகார் ஜாப் கார்டில்தான் இருக்கும்.

7 ஜூலை 2025

இவ்வளவு அதிகாரமாகச் சொல்ல நீ யார் என்று ஒருவர் கேட்டிருக்கிறார், நியாயம்தான். 2023-ல் நானும் பட்டவன். எந்தக் கம்பெனி வண்டி, எந்த டீலர் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கு இந்த இழை கம்பெனி ரசிகர்களின் குழாயடிச் சண்டையாகிவிடும்.

வாரண்டி முடிந்து ஐந்தாவது மாதம், ஓடியது 61 ஆயிரம். பொள்ளாச்சியிலிருந்து திரும்பும்போது கிணத்துக்கடவு பக்கம் ஆயில் விளக்கு ஒரு தடவை மினுக்கி அணைந்தது, கொஞ்ச தூரத்தில் ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் அடியில் டக் டக். ஓரங்கட்டி அணைத்துவிட்டு டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் சரியான அளவில் நிற்கிறது. இருக்கிற ஆயில் மேலே ஏறவில்லை, அதுதான் கோளாறு.

சர்வீஸ் சென்டரில் முதல் வசனம், "ஆயில் லேட்டா மாத்திருப்பீங்க சார்." எல்லாச் சர்வீஸும் அவர்களிடமே செய்த ஃபைலை மேஜையில் வைத்தேன். அடுத்த வசனம், "அப்ப வேர் அண்ட் டேர்தான் சார்." 61 ஆயிரத்தில் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனின் ராட் கிராங்க்கோடு சேருகிற இடத்து பேரிங்) தேய்ந்து போகிற டீசல் இன்ஜின் என்றால் அதை விற்கிறவர்கள்தான் வெட்கப்பட வேண்டும் என்றேன். அதோடு பேச்சு நின்றது.

நான் நிற்கும்போதுதான் சம்பை, அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தட்டை, இறக்கினார்கள். ஆயிலை ஒரு வெள்ளை டப்பில் வடித்தார்கள், டியூப் லைட் வெளிச்சத்தில் கறுப்பு ஆயிலுக்குள் பொன் தூள் கரைத்த மாதிரி மினுங்கியது. மெக்கானிக் பையன் காந்தத்தை முக்கி எடுத்தான், எதுவும் ஒட்டவில்லை. இரும்பு என்றால் ஒட்டியிருக்கும். பேரிங்கில் இருக்கிற செம்பும் அலுமினியமும் ஒட்டாது, ஆகவே போனது பேரிங் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஆனால் பேரிங் ஏன் போனது? சம்புக்குள் பம்ப் ஆயிலை உறிஞ்சுகிற இடத்தில் ஒரு ஸ்ட்ரெயினர் இருக்கும், டீ வடிகட்டி அளவு வலை. அதில் பாதிக்கு மேல் கறுப்பாக, நூல் நூலாக, ரப்பர் மாதிரி ஏதோ அடைத்துக் கிடந்தது. நகத்தால் இழுத்தால் நீளுகிறது. கேஸ்கட்டுக்குப் போடுகிற சிலிகான் பசை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாரண்டி இருந்த காலத்தில் சம்பில் ஆயில் கசிகிறது என்று விட்டு, இதே இடத்தில் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். பசையை அளவுக்கு மேல் இழைத்து இறுக்கினால் வெளியே பிதுங்குகிற மாதிரி உள்ளேயும் பிதுங்கும். வெளியே பிதுங்கியதைத் துடைத்துவிடுவார்கள், உள்ளே இருப்பது உதிர்ந்து போய் வலையில் உட்காரும்.

நான் போட்டோ எடுக்கக் கைபேசியைத் தேடுகிற நேரத்தில் அந்தப் பையன் கைப்பழக்கத்தில் ஸ்ட்ரெயினரை டீசலில் அலசப் போனான். "வைப்பா கீழே" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வண்டியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் மேல் தப்பு இல்லை, பாவம். ஆனால் அது அலசப்பட்டிருந்தால் என் கேஸே அலசப்பட்டிருக்கும்.

சிலிகான் என்று எழுத அட்வைசர் மறுத்தார். ஸ்ட்ரெயினரில் அந்நியப் பொருள் காணப்பட்டது என்று மட்டும் எழுதினார், போதும் என்று விட்டேன். ஸ்ட்ரெயினரையும் ஜாப் கார்டு எண்ணையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்து, பழைய கசிவு வேலையின் ஜாப் கார்டையும் சேர்த்து, அன்று இரவே டீலரின் சர்வீஸ் மேனேஜருக்கும் கம்பெனி கஸ்டமர் கேருக்கும் ஒரே மெயிலில் அனுப்பினேன். திட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதற்கப்புறம்தான் கம்பெனியின் ஏரியா ஆள் வந்து பார்த்தார். இழுபறிக்குப் பிறகு கிராங்க், கனெக்டிங் ராட், பேரிங் செட், ஆயில் பம்ப், கூலி எல்லாம் டீலர் தலையில், கேஸ்கட்டும் ஆயிலும் ஃபில்டரும் கூலன்ட்டும் என் தலையில் என்று முடிந்தது.

8 ஜூலை 2025

"ஆயில் ஃபில்டர் இருக்கும்போது பசைத் துண்டு எப்படிப் போகும்?" என்று கேட்டவருக்கு: ஃபில்டர் பம்புக்குப் பிறகு வருவது, ஸ்ட்ரெயினர் பம்புக்கு முன்னால். துண்டு ஃபில்டர் வரை போகவே இல்லை. பம்புக்கே ஆயில் கிடைக்காமல் செய்துவிட்டது.

டர்போவும் அதே ஆயிலில்தான் சுழல்கிறது, அதைப் பார்த்தீர்களா என்று இன்னொருவர். நல்ல கேள்வி. டீலர் அதைத் தொடவே மாட்டேன் என்றார், வெளியே கழற்றி ஷாஃப்ட் ஆட்டம் பார்த்தேன். தப்பித்தது.

9 ஜூலை 2025

இன்சூரன்ஸில் வாங்கலாமே என்று மூன்று பேர். வராது. சாதாரண முழு இன்சூரன்ஸ், பம்பர் டு பம்பர் உட்பட, இயந்திரக் கோளாறையும் தேய்மானத்தையும் ஏற்காது. இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் தண்ணீர் உள்ளே போவதற்கும், அடியில் கல் இடித்து ஆயில் ஒழுகி இன்ஜின் போவதற்கும்தான். ஸ்பீடு பிரேக்கரில் சம்ப் இடித்து ஓட்டையான வண்டி என்றால் கேட்டுப் பாருங்கள், ஆனால் சர்வேயர் பார்க்கும் முன் பிரித்தால் போச்சு.

வேளச்சேரி நண்பர் தன் மிக்ஜாம் புயல் கதையை எழுதியிருக்கிறார். 2023 டிசம்பரில் பார்க்கிங்கில் தண்ணீர் நின்ற வண்டியை வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, ராட் வளைந்துவிடும். 2015 வெள்ளத்திலும் சென்னையில் இதே கதைதான். நனைந்த வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு டோ வண்டிக்குச் சொல்வதுதான் வேலை. சாவியைத் திருப்பியதால் வந்த சேதம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி எழுதிவிட்டால் இன்ஜின் புரொடெக்ட் கவர் இல்லாதவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

13 ஜூலை 2025

"அமெரிக்காவில் லைஃப்டைம் வாரண்டி தர்றான், நம்மூர்ல ஏன் தர மாட்டேங்கிறான்?"

அங்கே யாரும் தானாகத் தூக்கிக் கொடுக்கவில்லை. நீங்கள் சொல்வது ஹூண்டாய், கியாவின் தீட்டா 2 இன்ஜின். கிராங்க் கடைசலில் உண்டான உலோகத் துகள் ஆயில் வழியில் தங்கி, ராட் பேரிங்குக்கு ஆயில் போகாமல், ஓடுகிற வண்டி நடு ரோட்டில் நின்றது. என் வண்டிக்கு நடந்ததற்குப் பெரியப்பா மகன் மாதிரி, அடைத்த பொருள்தான் வேறு. 2015-ல் ஒரு ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரி செய்வது, 2017-ல் இன்னொன்று. கம்பெனியின் பொறியாளர் கிம் குவாங்-ஹோ 2016-ல் உள் விஷயங்களை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 2020 நவம்பரில் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 21 கோடி டாலர் அளவுக்கு அபராத உடன்பாட்டுக்கு வந்தன. வாங்கியவர்கள் கூட்டாகப் போட்ட வழக்கின் சமரசத்தில்தான் அந்த ஆயுட்கால வாரண்டி வந்தது, அதுவும் அந்த பேரிங் கோளாறுக்கு. கிம்முக்கு 2021-ல் 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் வேலை போனது.

நம்மூரிலும் ரீகாலுக்குச் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவு, விதிகள் 2021 ஏப்ரல் முதல். ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகள், பாதுகாப்பு அல்லது சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்ட குறை, அரசு கட்டாயப்படுத்தினால் கம்பெனிக்கு 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை அபராதம். காசு செலவில்லாத வேலை ஒன்று, கம்பெனித் தளத்தில் ரீகால் பக்கம் இருக்கும், சேசிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ரீகாலில் இருந்தால் வாரண்டி முடிந்ததா என்ற பேச்சே எழாது.

15 ஜூலை 2025

கேஸ் விஷயம் இப்போது. நான் வக்கீல் இல்லை. என் வழக்கு போகாமலே முடிந்ததால் படித்து வைத்தது வீணாகக் கூடாது என்று எழுதுகிறேன்.

வாரண்டி என்பது கம்பெனி கொடுக்கிற வாக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வேறு கணக்கு. 2019 சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருப்பது, பொருளில் குறை என்றோ சேவையில் குறைபாடு என்றோ சொல்லும்போது வாரண்டி தேதியோடு முடிச்சுப் போடவில்லை. வாரண்டிக்குள் என்றால் அவர்கள் சரி செய்தாக வேண்டும், வாரண்டிக்குப் பிறகு என்றால் குறை இருந்ததை நீங்கள் காட்டியாக வேண்டும். நடைமுறையில் இதுதான் வித்தியாசம், சின்ன வித்தியாசம் இல்லை. சோதித்துத்தான் தெரியும் என்கிற குறையை நுகர்வோர் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதற்குப் பாகம் கையில் இருக்க வேண்டும். பழைய இரும்புக்குப் போட்டுவிட்ட இன்ஜினை எந்த ஆய்வகம் பார்க்கும்?

பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே போடலாம். 10 முதல் 20 லட்சம் வரையான வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே ஏற்றலாம். அதற்கும் முன்னால் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தால் கம்பெனிக்குப் போகும், சில சமயம் அதிலேயே காரியம் ஆகிவிடுகிறது.

இப்போது கசப்பான பகுதி. புது வண்டியே வேண்டும் என்று கனவு காணாதீர்கள். 2006-ல் ஒரு மாருதி வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டியின் கடமை குறையுள்ள பாகத்தைச் சரி செய்வது அல்லது மாற்றுவதுதான், வண்டியை மாற்றித் தரச் சொன்னது செல்லாது என்றது. 2021-ல் ஒரு டாடா மோட்டார்ஸ் வழக்கில், டீலர் செய்த தப்புக்குக் கம்பெனியைத் தானாகப் பிடித்துவிட முடியாது, இருவரும் தனித்தனி ஆட்கள் என்றது. என் வண்டியில் பசை போட்டது டீலர், ஆகவே நான் கம்பெனியை மட்டும் இழுத்திருந்தால் நேராகச் சுவரில் முட்டியிருப்பேன். யார் மேல் போடுவது என்பதே காரணம் தெரிந்தால்தான் முடிவாகும். சோதனை தேவைப்படும் புகாருக்குச் சட்டம் சொல்கிற காலம் ஐந்து மாதம். யாரும் அதை நம்பி வண்டியை வெயிலில் போட்டு வைக்காதீர்கள்.

16 ஜூலை 2025

வாடகைக்கு ஓடுகிற வண்டிக்கும் நுகர்வோர் வழக்கு போடலாமா என்று மஞ்சள் போர்டு நண்பர் கேட்டது: வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டுகிறவர் ஆவார். ஒரு வண்டி, ஸ்டியரிங்கில் நீங்கள் என்றால் தாராளமாகப் போடலாம். நாலு வண்டிக்கு ஆள் வைத்திருக்கிற டிராவல்ஸ் என்றால் வக்கீலைப் பாருங்கள்.

பெட்ரோல் பங்கில் விற்கிற பாட்டில் மருந்தை ஊற்றினால் இன்ஜின் சத்தம் போகும் என்று எழுதியவருக்குத் தனியாகப் பதில் இல்லை. சத்தம் போகும். இன்ஜினும் கூடவே போகும்.

20 ஜூலை 2025

கோவை உக்கடத்தில் பழைய இன்ஜின் எடுத்துப் போட்டால் பாதிக்குப் பாதி மிச்சம் என்று ஒருவர், சென்னை புதுப்பேட்டையில் இன்னும் மலிவு என்று இன்னொருவர். மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்ஜின் எண் பிளாக்கில் அடித்திருக்கிறது, அதே எண் ஆர்.சி.யிலும் இருக்கிறது. பில்லும், அந்த இன்ஜின் கழற்றிய வண்டியின் ஆவணமும் இல்லாமல் வாங்கினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மாற்றவும் முடியாது, விற்கும்போதும் விபத்து கிளெய்மிலும் மாட்டிக்கொள்வீர்கள். திருட்டு வண்டி இன்ஜினாக இருந்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷன் வேறு. என் வண்டியில் பிளாக் பழையதே இருந்ததால் அந்த அலைச்சல் இல்லை.

என்னைக் கேட்டால் கோவைக்காரர்கள் முதலில் லேத்துக்குத்தான் போக வேண்டும். கிராங்க்கை அளந்து, கால் மில்லிமீட்டர் கடைந்து, கடைந்த அளவுக்கு ஈடுகட்டுகிற அண்டர் சைஸ் பேரிங் போட்டு உருப்படியாக்கித் தருகிற ஆட்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். சில புது டீசல் இன்ஜின்களுக்கு அண்டர் சைஸ் பேரிங்கே கிடைக்காது, கடைகிறதற்கு முன்னால் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

2 ஆகஸ்ட் 2025

பெருந்துறைத் தம்பி படங்கள் அனுப்பியிருக்கிறார், பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. பேரிங் சுத்தமாக இருக்கிறது, ஆயிலில் மினுங்கல் இல்லை, கிராங்க் கண்ணாடி மாதிரி இருக்கிறது. போனது டைமிங் செயின். செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் செத்து, செயின் பல் தாண்டி, வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்திருக்கின்றன. ஹெட் வேலை, செயின் செட், வால்வு, இடிபட்ட பிஸ்டன். முழு இன்ஜின் எதற்கு? மூன்றரை லட்சம் எஸ்டிமேட் திருத்திப் போட்டதில் ஒன்றே கால் லட்சம் ஆகிவிட்டது, இதற்கு எந்தக் கோர்ட்டும் தேவைப்படவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஜனவரி ஜாப் கார்டு. "காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகட சத்தம்" என்று இவர் புகார் சொல்லியிருக்கிறார், எதிரே "சோதிக்கப்பட்டது, இயல்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வாரண்டி இருந்த மாதம்! ஆயில் பிரஷர் ஏறும் வரை தளர்ந்த செயின் போடுகிற சத்தம் அது. இதை ஸ்கேன் செய்து கம்பெனிக்கு மெயில் போடு தம்பி, குட்வில் (வாரண்டி இல்லாவிட்டாலும் கம்பெனி தானாகச் செலவை ஏற்பது) என்ற வார்த்தையை நீ முதலில் எடுக்காதே, அவர்கள் எடுக்கட்டும்.

19 ஆகஸ்ட் 2025

பாகங்களில் 70 சதவீதம் கம்பெனி, கூலி முழுக்க டீலர் என்று வந்திருக்கிறதாம். வாங்கலாமா, முழுசுக்கும் நிற்கலாமா என்கிறார். வாங்கிக்கொள் என்றேன். சிலர் கோழைத்தனம் என்கிறார்கள். தினமும் சிப்காட்டுக்கு வண்டி ஓட்ட வேண்டியவர் மீதி முப்பது சதவீதத்துக்காக மாதக்கணக்கில் வாடகைக் காருக்குக் கொடுப்பது வீரம் என்றால் இருக்கட்டும். மாற்றிய பாகங்களுக்கு எத்தனை மாத வாரண்டி என்பதை பில்லிலேயே போட்டு வாங்க வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கையெழுத்து விஷயத்தில் எனக்கு இன்னும் இரண்டு மனம். வண்டியைக் கொடுக்கும்போது "முழு திருப்தி, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். நான் கடைசி வரியை அடித்துவிட்டு "இந்தப் பழுதைப் பொறுத்தவரை மட்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேனேஜர் முகம் சுண்டியது, ஆனால் வாங்கிக்கொண்டார். முழுத்தாளையும் மறுத்திருக்கலாமோ என்று அப்போது தோன்றியது. மறுத்திருந்தால் சாவி அன்று கிடைத்திருக்காது. இப்போது யோசித்தால் அந்த நாலு வார்த்தையே போதுமாக இருந்தது என்றுதான் படுகிறது, பின்னால் டர்போ போயிருந்தால் பேச இடம் இருந்திருக்கும்.

28 செப்டம்பர் 2025

எஸ்டிமேட் வாங்கி வைத்துவிட்டுப் பணம் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க. கார் உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 22 செப்டம்பரிலிருந்து 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, கூலிக்கு முன்பும் 18-தான். திருப்பூர் நண்பர் ஒருவருக்கு நேற்றுப் போட்ட பில்லில் பாகங்களுக்குப் பழைய 28 அப்படியே இருந்தது, சிஸ்டம் அப்டேட் ஆகவில்லை என்றார்களாம். ஒரு லட்ச ரூபாய்ப் பாகத்துக்கு அது பத்தாயிரம். பணம் கட்டும் முன் ஒவ்வொரு வரியின் சதவீதத்தையும் பாருங்கள். அவர் கவுன்டரை விட்டு நகராமல் நின்றிருக்கிறார், அரை மணி நேரத்தில் சிஸ்டம் அப்டேட் ஆகிவிட்டதாம்.